மொய் நோட்டும் மூச்சுக்காற்றும்

(நம் குடியிருப்போர் நலச் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நான் பேசிய பொருள் அன்று முடிவாகவில்லை. அடுத்த செயற்குழுவுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அன்று வர முடியாதவர்களும், வெளிநாட்டிலிருந்து இந்த மடலைப் படிக்கும் நம் பிள்ளைகளும் படித்துப் பார்த்து உங்கள் கருத்தைச் செயலாளருக்கு எழுதுங்கள்.)



உங்கள் கையில் இருக்கும் நிகழ்ச்சி நிரலில் 7ஆவது பொருளைப் பாருங்கள். 'பயன்பாட்டில் இல்லாத பொருட்களை விற்றல்' என்று இருக்கும். துருப்பிடித்த இரும்பு ஏணி, பழைய தண்ணீர் மோட்டார், கால் உடைந்த மேசை இரண்டு, அதற்குக் கீழே 'ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் – 1'. அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். செயலாளர் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் வங்கி கவுன்டரில் உட்கார்ந்தவன். 'நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள்' என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். என்னிடம் நீங்கள் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த மிஷினுக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் ஊர் சுற்றி வரவேண்டும். முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் 36 வீடுகளில் பாதிப் பேர் வேலை நிமித்தம் இங்கே வந்தவர்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். வலங்கைமான் என்றால் வெளியூரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பாடைக்காவடி. பங்குனி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்டவர்கள், 'தாயே, இவரைக் காப்பாற்று, பாடைக்காவடி எடுக்கிறோம்' என்று வேண்டிக்கொண்டு, பிழைத்து எழுந்த பிறகு மகா மாரியம்மன் கோயிலுக்கு அந்தக் கடனைச் செலுத்துவார்கள். குடமுருட்டியில் குளித்து, பச்சை மூங்கிலில் கட்டிய பாடையில் பிணத்தைப் போலவே படுப்பார். முன்னால் ஒருவர் தீச்சட்டி ஏந்திப் போவார். நாலு பேர் தோள் கொடுப்பார்கள். கோயில் வாசலில் இறக்கியதும் எழுந்து நடந்து உள்ளே போவார். நோய்க்கும் கடனுக்கும் உள்ள உறவை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது பி.காம். பாடப்புத்தகம் அல்ல, இந்தக் கோயில்தான்.

2020இல் பங்குனி இரண்டாவது ஞாயிறு எந்தத் தேதியில் வந்தது, நினைவிருக்கிறதா? மார்ச் 22. மக்கள் ஊரடங்கு நாள். நாடே வீட்டுக்குள் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு நாம் எல்லோரும் பால்கனியில் நின்று கை தட்டினோம்.

இப்போது நான் சட்டைக் கையை மடித்துக் காட்டுகிறேன். என் வயதுக்காரர்கள் உங்கள் கையையும் பாருங்கள். வட்ட வட்டமாக அம்மைத் தடுப்பூசித் தழும்பு இருக்கும். 1960களில் சுகாதார ஆய்வாளர் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார் என்றாலே நாங்கள் பின்பக்கச் சுவர் ஏறி ஓடுவோம். பிடித்து இழுத்து வந்து, ஒரு சிறு சக்கரத்தைத் தோலில் வைத்துத் திருகுவார். அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று அன்று யாருக்குத் தெரியும்? பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று 1958இல் உலக சுகாதாரப் பேரவையில் யோசனை சொன்னது சோவியத் நாடு. சொன்னதோடு நிற்காமல், வெயிலில் கெடாத, உலர்த்திய தடுப்பு மருந்தை இந்தியா உட்பட பல நாடுகளுக்குப் பெருமளவில் தானமாகக் கொடுத்தது. அந்த உலகத் திட்டத்தைத் தலைமை தாங்கி நடத்தியவரோ ஓர் அமெரிக்கர், டாக்டர் ஹெண்டர்சன். அமெரிக்காவும் சோவியத்தும் ஒன்றின் மேல் ஒன்று அணுகுண்டை நீட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்திலும் இந்த வேலை நடந்தது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975 மே மாதம். 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. சீதளா தேவி என்று நாம் கும்பிடுகிற மாரியம்மன் வாசலில் பிறந்த நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வாங்கியதை மட்டும் சொன்னால் கணக்கு முழுமையாகாது. கொடுத்ததும் உண்டு. 1956இல் உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் ஆய்வைத் தொடங்கின. காசநோய் வந்தவர் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தால்தான் குணமாகும் என்பது அன்றைய நம்பிக்கை. சென்னையின் ஏழை வீடுகளில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவம் மாறியது. பணமும் மருந்தும் அங்கிருந்து வந்தன. அறிவு இங்கிருந்து போனது.

இதற்கு நம் பக்கத்தில் ஒரு பேர் உண்டு. மொய். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து பார்த்திருப்பீர்கள். இலை போட்டுச் சாப்பாடு, வாசலில் மேசை, நோட்டு, பேனா. யார் எவ்வளவு என்று ஊர் அறிய எழுதுவார்கள். அது பிச்சை இல்லை, வட்டிக்கடனும் இல்லை. எனக்கு இன்று, உனக்கு நாளை. ஆனால் நோட்டு சரியாக இருக்கவேண்டும். கொரோனா காலத்தில் நாடுகளுக்குள் நடந்ததை அந்த நோட்டின் கண்ணோடு பார்க்கலாம்.

2021 ஜனவரி 20ஆம் தேதி 'தடுப்பூசி நட்புறவு' என்ற பெயரில் இந்தியா பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் முதல் பெட்டிகளை அனுப்பியது. ஏப்ரல் நடுவுக்குள் வெளியே போனது சுமார் 6.6 கோடி டோஸ். பேப்பரில் எல்லாம் 'இந்தியா 6 கோடி தடுப்பூசி உதவி' என்றுதான் வந்தது. வங்கிக்காரன் புத்தி, பிரித்துப் பார்த்தேன். தானமாகப் போனது சுமார் 1.07 கோடி. விலைக்கு விற்றது சுமார் 3.57 கோடி. ஏழை நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து நடத்திய கோவாக்ஸ் என்ற பொது ஏற்பாட்டுக்குப் போனது சுமார் 1.98 கோடி. விற்றதில் தப்பில்லை. தடுப்பூசி கிடைக்காத நேரத்தில் நியாய விலைக்கு விற்பதும் உதவிதான். ஆனால் விற்றதை மொய் நோட்டில் எழுதக்கூடாது. அது வேறு கணக்கு.

அடுத்து வந்தது அந்த ஏப்ரலும் மேயும். அதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. நம் கட்டிடத்தில் இரண்டு வீட்டுக் கதவுகளைப் பார்த்தாலே போதும். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. ஆக்சிஜன் என்ற சொல்லைப் பள்ளிக்குப் பிறகு அந்த மாதம்தான் நாம் அவ்வளவு முறை சொன்னோம்.

அப்போது மொய் திரும்பி வந்தது. 2004 சுனாமியிலிருந்து, 'எங்கள் பேரிடரை நாங்களே பார்த்துக்கொள்வோம்' என்று வெளிநாட்டு அரசுகளின் உதவியைப் பெரும்பாலும் வாங்காமல் இருந்தது இந்தியா. அந்த வழக்கம் 2021இல் மாறியது. ஏப்ரல் 27ஆம் தேதி பிரிட்டனிலிருந்து 100 வென்டிலேட்டர், 95 ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வந்தன. மே 4ஆம் தேதி விடியற்காலை நம் விமானப்படை விமானம் பிரிட்டனிலிருந்து 450 ஆக்சிஜன் சிலிண்டரைச் சென்னையில் கொண்டுவந்து இறக்கியது. நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கொடுத்தன. சிங்கப்பூரிலிருந்து கடற்படைக் கப்பலில் வந்தது. கென்யா என்ன கொடுத்தது தெரியுமா? 12 டன் தேயிலை, காப்பிக்கொட்டை, நிலக்கடலை. இரவு பகலாக வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி ஆட்களுக்கு என்று அனுப்பினார்கள். நம்மவர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் அதைக் கேலி செய்தார்கள். எனக்கு வந்த ஒரு கேலியை நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன். அதை இன்று ஒப்புக்கொள்கிறேன். கல்யாண வீட்டில் 51 ரூபாய் எழுதுகிற கூலிக்காரரின் பெயரைக் குரலைத் தாழ்த்தியா படிப்போம்?

வந்த பொருளைக் கொடுத்த விதத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. எந்த மாநிலத்துக்கு எது, யார் வாங்கிக்கொள்வது, யார் கொண்டுபோவது என்ற விதிமுறை மே 2ஆம் தேதிதான் வெளியானது. முதல் விமானம் இறங்கி ஐந்து நாள் ஆகிவிட்டது. தனியாருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கான்சன்ட்ரேட்டருக்கு மே 1 வரை 28 சதவீதம் வரி. அதன் பிறகு 12 சதவீதம். சிங்கப்பூரிலிருக்கும் மகன் அப்பாவுக்கு மூச்சுக்காற்று அனுப்பினாலும் அன்று வரி கட்டியாக வேண்டியிருந்தது. வீடு பற்றி எரியும்போது ரசீதுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்த கதை. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. விதிமுறையைத் தீப்பிடிப்பதற்கு முன்னாலேயே எழுதி வைக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, கடல் தாண்டி அந்தப் பக்கம். கோடியக்கரையிலிருந்து எட்டிப்பார்க்கிற தூரத்தில் இருக்கும் இலங்கை. 2021 ஜனவரி 28ஆம் தேதி நாம் 5 லட்சம் டோஸ் கோவிஷீல்டு தானமாகக் கொடுத்தோம். பிறகு அவர்களே விலைக்கும் வாங்கினார்கள், கோவாக்ஸ் மூலமும் கிடைத்தது. 9 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முதல் ஊசி போட்டுக்கொண்டார்கள். இங்கே இரண்டாவது அலை வந்ததும் நாம் ஏற்றுமதியை நிறுத்தினோம். அங்கே சுமார் 6 லட்சம் பேர் இரண்டாவது ஊசிக்குக் காத்திருந்தார்கள். ஜூலை இறுதியில் ஜப்பான் கொடுத்த அதே வகை மருந்து வந்து இறங்கிய பிறகுதான் அவர்கள் கணக்கு முடிந்தது. இந்தியாவின் ஏற்றுமதி மறுபடி தொடங்க அக்டோபர் ஆகிவிட்டது.

நிறுத்தியது தப்பா? என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. இங்கே சுடுகாட்டில் வரிசை. தன் பிள்ளை பசியோடு இருக்கும்போது பக்கத்து வீட்டுக்குச் சோறு அனுப்பு என்று எந்தத் தாயிடம் சொல்வது? ஆனால் முதல் ஊசி போட்டுக்கொண்டு, கையில் அட்டையை வைத்துக்கொண்டு, தேதி தாண்டிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அம்மாவிடமும் கண்டியிலிருக்கும் அம்மாவிடமும் என்ன சொல்வது? பாதியில் நிற்கும் உதவி, கொடுக்காததைவிட அதிகமாக வலிக்கும். இரண்டாவது ஊசியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு முதல் ஊசியைக் கொடுத்திருந்தால் எண்ணிக்கை பாதியாகியிருக்கும். பெருமை கொஞ்சம் குறைந்திருக்கும். வாக்கு நின்றிருக்கும்.

அடுத்த வருடம் இலங்கையில் பணமே தீர்ந்துபோய், மருந்துக்கடையில் மருந்தில்லாத நிலை வந்தபோது நம் தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரல் 29இல் ஒரு தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 28 கோடி ரூபாய்க்கு உயிர்காக்கும் மருந்துகள். மே 18ஆம் தேதி முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அதில் ஒரு செய்தி என் மனதில் தங்கிவிட்டது. தமிழர்களுக்கு அனுப்பவேண்டும் என்றுதான் இங்கே பேச்சு தொடங்கியது. அங்குள்ள தமிழ்த் தலைவர்களோ, 'எங்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்பாதீர்கள், எல்லோருக்கும் சேர்த்து அனுப்புங்கள்' என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படியே போனது. உதவி வாங்குகிற இடத்தில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேர்த்துக் கேட்ட மனசு அது.

இப்போது நம் மிஷினுக்கு வருகிறேன். இதுவரை பேசியது சுலபம், இனிமேல்தான் கஷ்டம்.

2021 மே முதல் வாரம் நாம் எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் ஒன்று வாங்கினோம். அன்று நான் பொருளாளர். 'சங்க உறுப்பினர் குடும்பங்களின் உபயோகத்துக்கு மட்டும்' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியது என் கை. அப்போது அது சரியாகத்தான் பட்டது. 36 வீடு, ஒரு மிஷின், பாதி வீட்டில் எழுபது வயது தாண்டியவர்கள்.

அந்த மாதக் கடைசியில் ஓர் இரவு, பதினோரு மணி இருக்கும். நம் காவலாளி வந்து கதவைத் தட்டினார். "சார், தம்பிக்கு மூச்சு வாங்குது சார். 108க்குச் சொல்லியாச்சு, வண்டி வர விடிஞ்சிரும்ங்கறாங்க. அந்த மிஷினை ஒரு ராத்திரிக்குக் குடுங்க சார். காலைல நானே கொண்டாந்து வெச்சிடறேன்." விரலில் மாட்டுகிற கருவியில் 88 காட்டுகிறது என்றார். மிஷின் கீழே அறையில் சும்மாதான் இருந்தது. சாவி என் பூஜை அறை ஆணியில் தொங்கியது. நான் தீர்மானத்தைச் சொன்னேன். "நானா முடிவு பண்ண முடியாதுப்பா, கமிட்டி" என்றேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "சரிங்க சார்" என்று படியிறங்கிப் போய்விட்டார். அன்று இரவு நம் வீடு எதற்கும் அந்த மிஷின் தேவைப்படவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் தூங்கினேன்.

அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். காலை ஐந்து மணிக்கு வண்டி வந்தது. அரசு மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருந்தான். பிறகு ஒருநாள் அண்ணன் என்னிடம் செல்போனில் ஒரு படம் காட்டினார். தம்பி கட்டிலில், பக்கத்தில் ஒரு கான்சன்ட்ரேட்டர். மிஷின் மேல் நமக்குப் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு நாட்டு எழுத்து. "எந்த ஊர்க்காரங்களோ குடுத்தது சார்" என்றார், சந்தோஷமாக. குத்திக்காட்ட அவருக்குத் தெரியாது. எந்த ஊர்க்காரரோ முகம் தெரியாத வலங்கைமான் பையனுக்குக் கொடுத்தார். இரண்டு மாடி மேலே சாவியோடு இருந்த நான் கொடுக்கவில்லை.

பிறகு வந்த ஒரு பங்குனியில் அந்தத் தம்பிக்குப் பாடைக்காவடி எடுத்தார்கள். "சார், நீங்களும் வாங்க" என்று வந்து கூப்பிட்டார். போனேன். குடமுருட்டிக் கரையிலிருந்து கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன். பாடையின் கனத்தைவிட இன்னொன்று கனத்தது. இதையெல்லாம் சபையில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

தீர்மானம் எழுதியது தப்பில்லை. 'மட்டும்' என்ற ஒரு சொல்தான் தப்பு. 'முதலில்' என்று எழுதியிருக்கவேண்டும். உறுப்பினர் குடும்பங்களுக்கு முதலில். சும்மா இருக்கும்போது மற்றவர்களுக்கு. அந்த ஒரு சொல்லை மே மாத அவசரத்தில் யோசிக்க முடியவில்லை. பயம் வந்த பிறகு தாராளம் வராது. நாடுகளுக்கும் அப்படித்தான்.

இதை உலகமும் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. 2025 மே 20ஆம் தேதி உலக சுகாதாரப் பேரவை ஒரு பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. முந்தைய நாள் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை, 11 நாடுகள் நடுநிலை. அதில் ஒரு முக்கிய யோசனை: அடுத்த பெருந்தொற்றில், ஒப்பந்தத்தில் சேரும் மருந்து நிறுவனங்கள் தாம் தயாரிக்கிற தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகளில் 20 சதவீதத்தை உடனுக்குடன் உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்வதை இலக்காகக் கொள்ளவேண்டும், அதில் குறைந்தது 10 சதவீதம் இலவசம், மீதி கட்டுப்படியான விலைக்கு. இதற்கான விவர இணைப்பு பேச்சுவார்த்தைக்கு விடப்பட்டது. அது முடிந்தால்தான் நாடுகள் கையெழுத்துப் போடலாம். காகிதம் காகிதம்தான். ஆனாலும், பந்தி போடுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்கு எடுத்து வைக்கிற பங்கு அது.

நம் மிஷினை விற்றால் என்ன கிடைக்கும்? விசாரித்தேன். மாதாந்திர லிஃப்ட் பராமரிப்புக்குக்கூடக் காணாது. ஆகவே 7ஆவது பொருளில் நான் கொண்டுவரும் திருத்தம் இதுதான்:

1. மிஷினை விற்கவேண்டாம். சர்வீஸ் செய்து, வடிகட்டியை மாற்றி, அவ்வப்போது ஓட்டி வைக்கவேண்டும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் தூள் ஒன்று அதற்குள் இருக்கிறது. ஓட்டாமலே போட்டுவைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும். கரன்ட் போனால் நின்றுவிடும் என்பதால் ஜெனரேட்டர் இணைப்புள்ள கீழ் அறையிலேயே இருக்கட்டும்.

2. விதியில் 'மட்டும்' என்பதை எடுத்துவிட்டு 'முதலில்' என்று மாற்றவேண்டும். நம்மிடம் வேலை செய்பவர்கள், நம் தெருவில் இருப்பவர்கள், டாக்டர் சீட்டோடு வந்தால் கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை தாங்குவதற்குத்தான் அது. ஆஸ்பத்திரிக்குப் பதில் அல்ல.

3. ஒருவருக்குக் கொடுத்தால், அவருக்கு வண்டியோ படுக்கையோ கிடைக்கும்வரை திரும்பக் கேட்கக்கூடாது. பாதி ஊசி வேண்டாம்.

4. யாருக்கு எப்போது போனது, எப்போது திரும்பியது என்று ஒரு நோட்டு. வாடகைக்குக் கொடுத்தால் வாடகை என்றே எழுதவேண்டும். இலவசமாகக் கொடுத்தால் இலவசம் என்று.

நோட்டை எழுத ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். கையெழுத்து இன்னும் நடுங்கவில்லை. சாவியை மட்டும் என் வீட்டு ஆணியில் மாட்டவேண்டாம். வாசலில், இரவிலும் ஆள் இருக்கிற இடத்தில், காவலாளியின் மேசையில் இருக்கட்டும்.